கப்பல் கதை கேட்பான், கணக்குப் போட உட்கார மாட்டான்

ஏடிஎச்டி (கவனத்தைக் கட்டுப்படுத்துவதில் சிரமம், துறுதுறுப்பு என வரும் வளர்ச்சிக் குறைபாடு) உள்ள உங்கள் பையன் வீட்டுப்பாடம் என்றதும் நடிக்கிறானோ என்று கேட்கிறீர்கள். நடிப்பு இல்லை. தாத்தா மூழ்கிய கப்பலை மீட்ட கதையை மணிக்கணக்கில் கேட்கிறவன் வீட்டுப்பாடத்தில் மட்டும் ஏன் நெளிகிறான் என்றால், ஏடிஎச்டியில் கவனம் இல்லாமல் போவதில்லை. வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் பாடு. பிடித்த விஷயம் தானாக இழுத்துக்கொள்ளும்.

பத்துக் கணக்கையும் ஒரேயடியாக நீட்டாதீர்கள். இரண்டை மட்டும் காட்டி, மற்றதை ஒரு தாளால் மூடிவிடுங்கள். முடித்ததும் எழுந்து ஒரு சுற்று நடக்கட்டும், அப்புறம் அடுத்த இரண்டு. தாத்தாவைக் கேளுங்கள், அவரும் கப்பலை ஒரேயடியாகத் தூக்கியிருக்க மாட்டார், ஓட்டையை அடைப்பது, நீரை இறைப்பது என்று படிப்படியாகத்தான் வேலை செய்திருப்பார்.

இரண்டுகூட நகரவில்லையா? பாடமே புரியாமல் இருக்கலாம். ஏடிஎச்டியோடு கற்றல் குறைபாடும் சேர்ந்து வருவது உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். கதையை மட்டும் தண்டனையாக நிறுத்திவிடாதீர்கள்.