மலைப்பாதையில் நடக்கும் பிள்ளைகள்: கேள்வி பதில்

மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். வளரும் பிள்ளைகள் ரோட்டில் பத்திரமாக நடப்பது பற்றிக் கேளுங்கள்.

கோத்தகிரி அம்மா: மகன் ஒன்பதாவது படிக்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கி நடைபாதை இல்லாத ரோட்டில் நடந்து வருகிறான். எந்தப் பக்கம் நடக்கச் சொல்வது?

வலது ஓரம். நம் வண்டிகள் இடது பக்கம் ஓடுகின்றன. வலது ஓரம் நடந்தால் எதிரே வருவது கண்ணில் படும், ஒதுங்க நேரம் கிடைக்கும். இடது ஓரத்தில் வண்டி முதுகுப் பக்கம் வரும்.

மலையில் ஒரு விதிவிலக்கு உண்டு. ரோடு வலது பக்கம் மடங்கி, மண்மேடும் புதரும் மறைக்கும் வளைவில், உங்கள் மகன் உள் ஓரத்தில் இருப்பான். எதிரே வரும் வண்டியும் அதே ஓரத்தை ஒட்டித்தான் திரும்பும். டிரைவர் அவனைப் பார்க்கும்போது அவன் பம்பருக்கு முன்னால் நிற்பான். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். பிரேக்கில் கால் படுவதற்கே அந்த நொடி போதாது. அதனால் வளைவுக்கு வெகு முன்பே, இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும் இடத்தில் இடது ஓரத்துக்கு மாறி, வளைவு தாண்டியதும் திரும்ப வரட்டும்.

குன்னூர் வாசகர்: 'இடது ஓரம் நட' என்றுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்? பிள்ளைகளைக் குழப்பாதீர்கள்.

நடைபாதை இருந்தால் எந்தப் பக்கமும் நடக்கலாம். இல்லாத ரோட்டில் முதுகைக் காட்டி நடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கொடைக்கானல் வாசகர்: வளைவில் ரோட்டைக் கடக்கச் சொல்வது அதைவிட ஆபத்து சார்.

வளைவில் கடக்கச் சொல்லவில்லை, வளைவுக்கு முன்னால் என்றேன். பார்வை தெளிவாக இல்லாவிட்டால் கடக்கவே வேண்டாம். தார் ரோட்டை விட்டு இறங்கி, ஒருவர் பின் ஒருவராக, சத்தம் கேட்டுக்கொண்டே போகட்டும். கொண்டை ஊசி வளைவின் உள் மூலையில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது. பஸ்ஸின் முன்சக்கரம் தள்ளிப் போனாலும் பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். முன்பக்கம் தாண்டிவிட்டதே என்று நிற்கும் பிள்ளையின் காலில் ஏறுவது அந்தச் சக்கரம்தான்.

ஊட்டி, பதினொன்றாம் வகுப்பு: ஒரு காதில் மட்டும் இயர்போன் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. வளைவுக்கு அப்பால் இருக்கும் வண்டியைக் காதுதான் முதலில் பார்க்கும்.

குன்னூர் அம்மா: பனிமூட்டத்தில் மகள் கருநீல ஸ்வெட்டரில் ட்யூஷன் போகிறாள்.

வண்டி விளக்கு அவளுக்குத் தெரியும். அவள் டிரைவருக்குத் தெரியமாட்டாள். இதை வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒளி பட்டால் மின்னும் பட்டையைப் பையில் மட்டும் ஒட்டினால் போதாது, கணுக்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைப் பார்த்தால் ஆள் நடக்கிறார் என்று டிரைவருக்கு உடனே புரியும்.

கூடலூர் வாசகர்: நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) முறையால் ரோட்டில் கூட்டம் குறைந்ததா?

அதை மாவட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

ஊட்டி வாசகர்: எந்தப் பக்கம் நடப்பது சார்?

முதல் பதிலைப் படியுங்கள். வலது.

கோத்தகிரி அப்பா: மகள் எது சொன்னாலும் 'எனக்குத் தெரியும்' என்கிறாள்.

சொல்வதை விடுங்கள். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள். நடந்து போகிறவர் எந்த வளைவில் மறைகிறார், எப்போது திடீரென்று கண்ணில் படுகிறார் என்று அவளே உங்களுக்குச் சொல்லட்டும். அப்புறம் வீட்டுக்குப் போகும் வழியில் எங்கே கடப்பது என்பதை அவளையே முடிவு செய்யச் சொல்லி, நீங்கள் பின்னால் நடங்கள்.

பழனி மலை வாசகர்: இடது பக்கமா, வலது பக்கமா?

வலது.