சூத்திரம் தெரிந்தும் கணக்கில் திணறும் பிள்ளைகளுக்கு எப்படி உதவுவது?

கேள்வி: பெங்களூரில் பியூசி (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். பெர்முட்டேஷன், காம்பினேஷன், கால்குலஸ் எல்லாவற்றிலும் சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள். கணக்கைக் கொடுத்தால் நின்றுவிடுகிறார்கள். விடையைப் போட்டுக் காட்டாமல் எப்படி உதவுவது?

பதில்: எதை எண்ணுகிறோம், எது மாறுகிறது என்று வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே பேனாவை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். ஆகவே முதலில் கணக்கை வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். பாடம் ஆங்கிலத்தில், சிநேகிதர்களோடு கன்னடத்தில், அம்மாவோடு தமிழில் என்று வளரும் பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே பலன் தரும். ‘அட் லீஸ்ட் ஒன்’ என்று படித்ததும் கை 1 என்று எழுதிவிடும். ‘ஒருத்தியாவது இருக்கணும்’ என்று சொல்லிப் பார்த்தால், இரண்டு பேரும் இருக்கலாம், நாலு பேரும் இருக்கலாம் என்பது கண்ணில் படும்.

அடுத்து, எண்ணைச் சிறிதாக்கிக் கையாலேயே பட்டியல் போடச் சொல்லுங்கள். ஒரே எழுத்து திரும்ப வரும் சொற்களுக்கு ‘தாத்தா’ போதும். தா, த், தா என்று மூன்று எழுத்து. 3!, அதாவது 3 × 2 × 1 என்றால் 6 வரவேண்டும். ஆனால் எழுதிப் பார்த்தால் தாத்தா, தாதாத், த்தாதா என்று 3தான். இரண்டு ‘தா’வையும் இடம் மாற்றினால் சொல் மாறவில்லை, அதனால் 2! ஆல் வகுக்கிறோம். இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்த பிள்ளை பதினோரு எழுத்துச் சொல்லுக்கும் பயப்படாது.

எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு, அதில் நிதானமாக நேரம் செலவழியுங்கள். 5 ஆண்கள், 4 பெண்கள். 4 பேர் குழு வேண்டும், ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும். பிள்ளை போடுவது: 4 பெண்களில் ஒருத்தியை எடு, மீதி 8 பேரில் 3 பேரை எடு, 4 × 56 = 224. ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். ‘நிபந்தனையே இல்லாமல் 9 பேரில் 4 பேரை எடுத்தால் எத்தனை?’ என்று மட்டும் கேளுங்கள். 126 என்று வந்ததும் பிள்ளையே நிமிர்ந்து பார்க்கும்.

சரியான விடை, ஆண்கள் மட்டும் உள்ள 5 குழுக்களைக் கழித்து 121. அதோடு விட்டுவிடாமல், 224 எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஒரு பெண் உள்ள குழு 40, இரண்டு பெண்கள் 60, மூன்று பெண்கள் 20, நான்கு பெண்கள் 1. கூட்டினால் 121. மீனாவும் கலாவும் உள்ள குழுவை, மீனாவை முதலில் எடுத்து ஒரு தடவை, கலாவை முதலில் எடுத்து ஒரு தடவை என்று பிள்ளை இரண்டு முறை எண்ணியிருக்கிறது. அதன்படி 40×1 + 60×2 + 20×3 + 1×4 போட்டுப் பாருங்கள்: அதே 224. தப்பு எப்படி முளைத்தது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால் அது மறுபடி வருவது அரிது.

கால்குலஸில் வேக மாற்றக் கணக்குகளுக்கு இந்த ஊரில் தண்ணீர் லாரியும் சம்ப்பும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கைவசம் இருக்கின்றன. அடிப்பரப்பு 3 சதுர மீட்டர் உள்ள சம்ப்பில் மணிக்கு 6 கன மீட்டர் தண்ணீர் விழுந்தால் மட்டம் மணிக்கு 2 மீட்டர் ஏறும். இதற்கு டிஃபரன்ஷியேஷனே (வகையிடல்) வேண்டாம், வகுத்தல் போதும்.

இப்போது தொட்டியைத் தலைகீழ் பிரமிடாக்குங்கள். நீர்ப்பரப்பு சதுரம், அதன் பக்கம் எப்போதும் ஆழத்துக்குச் சமம். கன அளவு = ஆழம்³ ÷ 3. அதே மணிக்கு 6 கன மீட்டர் விழுந்தால், ஆழம் 2 மீட்டராக இருக்கும்போது மட்டம் என்ன வேகத்தில் ஏறும்? இங்கே 2 என்ற எண்ணை முதலிலேயே போட்டுவிடுவார்கள். கன அளவு 8/3 என்று மாறிலியாகிவிடும், அதை வகையிட்டால் பூஜ்யம். மாறும் எதற்கும் வகையிடுவதற்கு முன் எண் போடக்கூடாது. முதலில் வகையிட்டால் 6 = ஆழம்² × மட்டம் ஏறும் வேகம்; பிறகு 2 போட்டால் மணிக்கு 1.5 மீட்டர். சரிபார்க்க, அந்த நொடியில் நீர்ப்பரப்பு 4 சதுர மீட்டர், 6 ÷ 4 = 1.5. சம்ப்பில் போட்ட அதே வகுத்தல்! புத்தகத்தில் வரும் கூம்புக்கும் இது பொருந்தும், ஆனால் அங்கே ஆரத்தை உயரத்தால் எழுதிய பிறகே வகையிட வேண்டும்.

தொகையிடலில் (இன்டக்ரேஷன்) மாறியை மாற்றியவர்கள் எல்லைகளை மாற்ற மறப்பார்கள். 2எக்ஸ்(எக்ஸ்²+1)³ என்பதை 0 முதல் 1 வரை தொகையிட, எக்ஸ்²+1 ஐப் புது மாறியாக எடுத்தால் எல்லை 1, 2 என்று மாறி 15/4 வரும், மாற்றாவிட்டால் 1/4. நடுவில் எக்ஸ் = 0.5 போட்டாலே மதிப்பு சுமார் 1.95. அகலம் 1 உள்ள பரப்பு கால் ஆகுமா என்று கேட்டால் போதும்.

கர்நாடக நுழைவுத் தேர்வான கேசிஇடியில் 60 கணக்குக்கு 80 நிமிடம், தப்புக்கு மார்க் குறைப்பதில்லை. நேரம் குறைவுதான், ஆனாலும் ‘விடை மொத்தத்தைத் தாண்டுகிறதா’ என்று பார்க்கப் பத்து நொடி போதும். பிள்ளை நின்றால் இரண்டு நிமிடம் நீங்களும் பேசாமல் இருங்கள். பிறகு அடுத்த வரியைச் சொல்லாமல், ‘இதையே 3 பேருக்குப் போட்டுப் பார்’ என்று மட்டும் சொல்லுங்கள். தப்பாகப் போட்டதை அழிக்க விடாதீர்கள். குறுக்கே ஒரு கோடு போதும், 224 போன்றவற்றை மறுநாள் அங்கிருந்துதான் எடுக்கவேண்டும்.