டல்சிமர்: சுருதி சேர்ப்பதிலேயே நேரம் போகிறதா?

இரவு ஒன்பதுக்கு வேளச்சேரி திரும்பி, கிடைக்கும் இருபது நிமிடமும் சுருதி சேர்ப்பதிலேயே போவதாக எழுதியிருந்தீர்கள். சிறு சுத்திகளால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் அந்த டல்சிமரைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். சென்னையின் ஈரக்காற்றில் மரம் உப்பிச் சுருதி நகரத்தான் செய்யும். அது உங்கள் தவறு அல்ல.

தினமும் எல்லாத் தந்திகளையும் தொட வேண்டாம். நடுக்குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் நடு மரக்கட்டைக்கு) வலப்புறம், குறியிட்ட தந்தி வரிசையிலிருந்து மேலே நான்கு வரிசைகளை மட்டும் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரை தந்தியை 3:2 ஆகப் பிரிப்பதால், அது சரியான இடத்தில் நின்றால் இடப்புறத்தில் பஞ்சமம் (ஸ-வுக்கு ப போல, ஐந்தாம் சுரம்) தானே சேரும். வலப்புறத்தில் ஸரிகம, இடப்புறத்தில் பதநிஸ: சங்கராபரண ராகம்! ரி வரிசையை மட்டும் அரைச்சுரம் இறக்கினால் தைவதமும் (த) கூடவே இறங்கி மாயாமாளவகௌளை ராகம் வந்துவிடும். எத்தனை அழகு! அதில் சரளி வரிசையை (தொடக்கநிலைச் சுரப் பயிற்சியை) தொடங்குங்கள். அண்டை வீட்டாருக்காகச் சுத்தியின் முனையில் மெல்லிய தோல் ஒட்டிக்கொள்ளுங்கள்.