நிர்வாகக் குழுவின் சுயமதிப்பீடு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் சங்கம் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்கு நான் கௌரவச் செயலாளர். சமூகப் பொறுப்பு நிதி தர முன்வந்திருக்கும் ஒரு நிறுவனம், "உங்கள் குழு கடைசியாக எப்போது சுயமதிப்பீடு செய்துகொண்டது?" என்று கேட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் தலைவர், "ஒரு ரூபாய்கூட வாங்காமல் உழைக்கிறோம், நமக்கு மார்க் போடச் சொல்கிறார்களே" என்று வருந்துகிறார். கணக்கு, அறிக்கை, பதிவாளர் அலுவலக வேலை எல்லாவற்றையும் நானே முடித்துக் கூட்டத்தில் வைப்பேன். உறுப்பினர்கள் நம்பிக்கையோடு கையெழுத்திடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிவிடலாமா?
– செயலாளர், டெல்டா மாவட்டம்

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்ப வேண்டாம். இதுவரை செய்ததில்லை, இந்த ஆண்டு தொடங்குகிறோம் என்று உள்ளபடியே எழுதுங்கள். அதில் தலைகுனிய எதுவுமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், பதவிக்காலம் மூன்றாண்டுகளைத் தாண்டக் கூடாது, ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும் என்றெல்லாம் சொல்கிறதே தவிர, குழு தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கோ, இயக்குநர் குழுவின் செயல்பாட்டை எப்படி மதிப்பிட்டார்கள் என்பதை ஆண்டறிக்கையில் சொல்லும் கடமையை 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் விதித்திருக்கிறது. தங்களுக்குப் பழகிப்போன அந்தக் கேள்வியைத்தான் உங்களிடமும் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் தலைவரின் வருத்தம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆனால் சுயமதிப்பீட்டில் எடைபோடப்படுவது தனி மனிதரின் தியாகமோ நேர்மையோ அல்ல. ஒன்பது பேரும் ஒரு குழுவாகச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை நடக்கிறதா என்பதே கேள்வி. நல்லவர்கள் ஒன்பது பேர் இருந்தும் அந்த வேலை நடக்காமல் போவதுண்டு. உங்கள் கடிதமே அதற்குச் சான்று. எல்லாவற்றையும் நீங்கள் முடித்து வைக்கிறீர்கள், மற்றவர்கள் நம்பிக்கையோடு கையெழுத்திடுகிறார்கள் என்கிறீர்கள். நாளை உங்களுக்கு உடல்நலம் குன்றினால், ஆசிரியர்களின் சம்பளத்துக்கான காசோலையில் யார் கையெழுத்திடுவார், வெளிநாட்டு நன்கொடைக்கான உரிமம் இருந்தால் அதன் ஆண்டறிக்கையை டிசம்பர் 31-க்குள் யார் தாக்கல் செய்வார், சிறப்புப் பள்ளிக்கான பதிவுச் சான்றிதழ் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதை உங்களைத் தவிர எத்தனை பேர் சொல்வார்கள்? உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம்; இத்தனை குழந்தைகளின் பள்ளி ஒரே ஒருவரின் உடல்நலத்தை நம்பி நிற்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஆகவே படிவத்தில் தொடங்காமல், தீர்மானப் புத்தகத்தில் தொடங்குங்கள். கடந்த மூன்றாண்டு நடவடிக்கைக் குறிப்புகளைப் பதவிப் பொறுப்பில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்து வாசிக்கட்டும். "வரவு செலவு வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற ஒரே வரி கூட்டத்துக்குக் கூட்டம் மாறாமல் வருகிறதா, கணக்கைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டதாகவேனும் பதிவாகியிருக்கிறதா, தொடர்ந்து வராத உறுப்பினர்கள் யார், கையெழுத்துகள் கூட்டத்தில் இடப்பட்டவையா அல்லது பிறகு வீடு வீடாகப் போய் வாங்கப்பட்டவையா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பேனாவில், ஒரே மையில், வரிசை பிசகாமல் இருக்கும் கையெழுத்துகள் நிறையச் சொல்லிவிடும். குழந்தைகளைப் பற்றிய விவாதத்துக்கு எத்தனை கூட்டங்களில் இடம் கிடைத்தது என்பதையும் எண்ணச் சொல்லுங்கள். கட்டடமும் ஆண்டுவிழாவுமே பக்கங்களை நிறைத்திருந்தால், அதைப் பேசியே ஆக வேண்டும்.

அதன்பின் கேள்வித்தாள். "நம் குழு நிதியைச் சிறப்பாகக் கண்காணிக்கிறதா?" என்று கேட்டால் ஒன்பது பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவார்கள். கேள்வியை மாற்றுங்கள். இன்றைய இருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குப் போதும்? கடந்த தணிக்கையின்போது ஆடிட்டர் சுட்டிக்காட்டிய குறை எது, அது சரிசெய்யப்பட்டதா? ஒரு பெற்றோர் புகார் சொல்ல விரும்பினால் யாரிடம் போக வேண்டும்? பணியாளர் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம், 2013-இன்படி உள்ளகக் குழு அமைத்திருக்க வேண்டுமே, அதில் இருப்பவர்கள் யார்? இவற்றுக்குக் கணக்கையோ கோப்பையோ பார்க்காமல் விடை எழுதச் சொல்லுங்கள். விடை தெரியாதது குற்றமல்ல. ஆனால் ஒன்பதில் ஆறு பேர் ஒரே கேள்விக்கு எதுவும் எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த கூட்டத்தில் எதைப் பேச வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றுண்டு. உறுப்பினரின் உறவினர் யாராவது சங்கத்தில் சம்பளம் வாங்குகிறாரா, உறுப்பினருக்குச் சொந்தமான இடம் பள்ளிக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறதா என்பதே அது. சிறு ஊர்களில் இது சாதாரணம். பல நேரங்களில் உதவியாகவே தொடங்கியிருக்கும். ஆனால் சங்கத்தை நடத்துவோருக்கோ அவர்தம் உறவினருக்கோ அளவுக்கு மீறிய வாடகையோ ஊதியமோ போனால், வருமான வரி விலக்குக்கே ஆபத்து. இப்படியான தொடர்புகளை ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை எழுதிக் கொடுப்பதும், அந்தப் பொருள் வரும்போது சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளியே போவதும், போனார் என்று குறிப்பில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டால், யாரையும் சந்தேகப்படும் அவசியமே வராது.

ஒன்பது பேரில் அந்தக் குழந்தைகளின் பெற்றோர் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவரும் இல்லையென்றால், வேறு எதையும்விட இதை முதலில் பேச வேண்டும் என்பேன். பதினெட்டு வயதைக் கடந்த பிள்ளை பள்ளியை விட்டுப் போனபின் என்ன செய்யும் என்ற கேள்வி ஒரு தாயின் வாயிலிருந்து வரும்போது, நிர்வாகக் குழுவின் பேச்சு திசைமாறிவிடும்.

நடைமுறையைப் பொறுத்தவரை, தலைவரை முதலில் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். கூட்டத்தில் இதை அவரே முன்மொழிந்தால் பாதி வேலை முடிந்தது. விடைத்தாள்களை அவரோ நீங்களோ வாங்கக் கூடாது. ஒன்பது பேர் கொண்ட குழுவில் பெயர் போடாவிட்டாலும் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், எல்லோரும் மதிக்கும் வெளியாள் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளரோ கல்லூரிப் பேராசிரியரோ, தொகுத்துத் தரட்டும். பொதுக்குழு கூடும் மாதத்தில் இதை வைக்காதீர்கள். நிர்வாகிகள் தேர்தல் நேரத்தில் எழுதப்படும் எந்த விமர்சனமும் யாரோ ஒருவருக்கு எதிரானதாகவே படும். தொகுப்பு வந்ததும், கணக்கு, ஆண்டுவிழா எதுவுமில்லாமல், அதற்கென்றே ஒரு கூட்டம் போடுங்கள். இரண்டு அல்லது மூன்று முடிவுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கட்டும். அவற்றில் ஒன்று, உங்கள் வேலைகளில் பாதியையாவது இணைச் செயலாளர் ஒருவர் ஓராண்டுக்குள் கற்றுக்கொள்வதாக இருந்தால் மிக நன்று.

நிறுவனத்துக்கு அந்த முடிவுகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். தனித்தனி விடைத்தாள்களைக் கேட்டால், அவை உறுப்பினர்கள் குழுவை நம்பி எழுதியவை என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.