வாடகை வீட்டு அடுப்பில் பர்கர்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே கூட வேலை செய்பவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஊர் பிடிபட அதைவிட நல்ல வழி இல்லை. பர்கர் போடலாம் என்று முன்கூட்டியே செய்து பார்த்தீர்கள், பேட்டி, அதாவது பன்னுக்குள் வைக்கும் கறி வட்டு, நடுவில் பந்து மாதிரி உப்பி, ஓரம் சுருங்கி, கடிக்க விடாமல் இறுகிப்போனது, போதாக்குறைக்குப் புகை அலாரம் வேறு அலறியது, "அக்கா, அடுப்பு சரியில்லையா, என் கை சரியில்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். அடுப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொத்துக்கறியில் முட்டை, ரொட்டித்தூள், வெங்காயம், உப்பு எல்லாம் போட்டு நன்றாகப் பிசைந்து அரை மணி நேரம் வைத்தேன் என்று நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

இறைச்சியில் மயோசின் என்று ஒரு புரதம் உண்டு. உப்பு பட்டதும் அது கரைந்து பசையாகும். பிசையப் பிசைய அந்தப் பசை கறித் துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சாசேஜ் செய்கிறவர்கள் அதற்காகவேதான் உப்புப் போட்டுப் பிசைகிறார்கள். வெட்டினால் வில்லை வில்லையாக நிற்க வேண்டும் என்பது அவர்கள் தேவை. பர்கருக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு: பல் பட்டதும் உதிர வேண்டும், உதிரும்போது சாறு வர வேண்டும். அதனால் கறிக்குள் எதையும் கலக்காதீர்கள். முட்டை வேண்டாம், ரொட்டித்தூள் வேண்டாம். வெங்காயத்தைத் தனியாக வதக்கிப் பன்னுக்குள் வையுங்கள். உப்பும் மிளகும் பேட்டியின் மேல்தோலுக்கு மட்டும், அதுவும் கல்லில் போடுவதற்குச் சற்று முன்புதான். உள்ளே உப்பு இல்லாமல் சப்பென்று இருக்குமே என்று தோன்றும். இரண்டு பக்கமும் தாராளமாகத் தூவினால் அந்தக் குறை தெரியாது.

கறி வாங்கும்போது பாக்கெட்டின் மேல் 80/20 என்றோ 20 சதவீதம் கொழுப்பு என்றோ போட்டிருப்பதை எடுங்கள். மாட்டின் தோள்பட்டைப் பகுதியில் அரைத்தது இந்த அளவுக்கு ஏறக்குறைய வரும், ருசியும் அதில் நன்றாக இருக்கும். பக்கத்திலேயே 5 சதவீதம் கொழுப்பு என்று ஒன்று இருக்கும், உடம்புக்கு நல்லது என்று கை அங்கே போகும். குழம்புக்கு அது சரி. பர்கருக்கு எடுத்தால் வறண்டுதான் போகும், எந்தத் திறமையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. மாடு சாப்பிடாத நண்பர்கள் வந்தால் ஆட்டுக் கொத்துக்கறியிலும் இதே முறையில் செய்யலாம், அதிலும் கொழுப்பு போதுமான அளவு இருக்கும். கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் ஒரு ஸ்பூன் எண்ணெய் கலந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கறியை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், தட்டப்போகும் நேரத்தில் எடுத்தால் போதும். குளிர்ந்திருந்தால்தான் கொழுப்பு கட்டியாக நிற்கும். கைச் சூட்டில் உருகிவிட்டால் கல்லில் விழுந்ததுமே வழிந்தோடிவிடும். ஒரு பேட்டிக்கு 150 கிராம் கறியை எடுத்துச் சேர்த்துப் பிடித்து, உடையாத அளவுக்கு மட்டும் தட்டுங்கள். ஓரத்தில் லேசான வெடிப்பு இருந்தால் இருக்கட்டும், அதை வழவழப்பாக்கத்தான் கை மறுபடி பிசையப் போகும். கனம் 2 சென்டிமீட்டர், அகலம் பன்னைவிட ஒரு விரல் கூட, ஏனென்றால் வேகும்போது சுருங்கும். உங்களுக்கு உப்பிப்போனதே, அதற்கும் இந்தச் சுருக்கம்தான் காரணம். ஓரம் முதலில் வெந்து இறுகி, இன்னும் வேகாத நடுப்பகுதியை நாலாபக்கமும் நெருக்குகிறது. அதற்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழி இல்லை. தட்டி முடித்ததும் நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் அமுக்கிவிடுங்கள். வெந்து முடியும்போது அந்தப் பள்ளம் நிரம்பிச் சமமாகிவிடும்.

இனி அடுப்பு. வாடகை வீட்டு மின்னடுப்பு சூடாக நேரம் எடுக்கும், அவ்வளவுதான் அதன் குறை. அடிகனமான வார்ப்பிரும்புக் கல் ஒன்று வாங்கிவிடுங்கள், எந்த அடுப்பிலும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய நான்ஸ்டிக்கை இவ்வளவு சூடாக்கக் கூடாது, பூச்சு கெடும். கல்லை ஐந்து நிமிடமாவது காயவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக ஓட வேண்டும். பேட்டியின் வெளிப்பக்கத்தைக் காகிதத் துண்டால் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு உப்புத் தூவிப் போடுங்கள். மேலே அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸாவது வேண்டும். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், எனவே ஈரம் இருக்கும் வரை சூடு அதைத் தாண்டாது, கறி சாம்பல் நிறத்தில் வெந்துகொண்டே கிடக்கும். ஒரே கல்லில் நெருக்கி அடுக்கினாலும் இதே கதைதான். நாலு பேட்டி இருந்தால் இரண்டு இரண்டாகப் போடுங்கள்.

வெண்ணெய் இந்தச் சூட்டில் கருகிப் புகையும். சுத்திகரித்த சமையல் எண்ணெயைச் சில துளிகள் மட்டும் தடவுங்கள், மீதிக் கொழுப்பைக் கறியே விடும். கொஞ்சம் புகை வரத்தான் செய்யும், அதனால் கல்லை வைக்கும் முன்பே புகைபோக்கியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுங்கள். அலாரத்தைத் துணியால் மூடுவதோ பேட்டரியைக் கழற்றுவதோ கூடவே கூடாது. புதிதாக வந்தவர்களுக்குச் சிலர் அந்த யோசனையைச் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து உலோக மூடியால் மூட வேண்டும், அந்த மூடி முதலிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பால்கனியில் கரி அடுப்பு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பல அடுக்குமாடிகளில் அதற்குத் தடை உண்டு, வாடகை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேட்டியைப் போட்டதும் ஒன்றரை நிமிடம் தொடாதீர்கள். பழுப்பேறினால் அதுவாகவே கல்லை விட்டு வரும், ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். அப்புறம் எத்தனை முறை திருப்பினாலும் பரவாயில்லை. ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும் என்பார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பினால் இரண்டு பக்கமும் இன்னும் சீராக வேகும் என்பதுதான் உண்மை. கரண்டியால் அழுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். சொய்யென்று கல்லில் வழிவது, நீங்கள் உள்ளே நிறுத்தி வைக்க இவ்வளவு பாடுபட்ட சாறும் கொழுப்பும்தான்.

வெந்துவிட்டதா என்பதைத் தெர்மாமீட்டரால் மட்டும் பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், வெளியே சுட்டால் அழிந்துவிடும். அரைத்த கறியில் அந்த மேல்பரப்பு உள்ளே வரை கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர்களால் ஈ.கோலி ஓ157:எச்7 கிருமி பரவி 700 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, இந்தக் கிருமி உள்ள அரைத்த மாட்டிறைச்சியைக் கலப்படப் பொருளாக அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. மாடோ ஆடோ, அரைத்த கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டராக இருந்தால் 160. கோழிக்கு 74, அதாவது 165. முனையை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடு வரை செலுத்துங்கள். நிறத்தை நம்பாதீர்கள், சில கறி அந்தச் சூட்டை எட்டும் முன்பே பழுப்பாகிவிடும். பச்சைக் கறி வைத்த தட்டிலேயே வெந்ததை வைக்கவும் கூடாது. வேறு யாராவது வீட்டு விருந்தில் எப்படி வேக வைக்கட்டும் என்று கேட்டால், முழுதாக வெந்தது வேண்டும் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வளவும் கனமான பேட்டிக்கு. என்னைக் கேட்டால், முதல்முறை விருந்து வைக்கிற நீங்கள் ஸ்மாஷ் முறையில், அதாவது கறி உருண்டையைக் கல்லிலேயே அமுக்கி மெல்லியதாக்கி, செய்வது நல்லது. பள்ளம் அமுக்குவது, கனம் பார்ப்பது என்று எதுவும் இல்லை, ருசியும் ஒரு படி மேல். 70 கிராம் கறியைத் தளர்வாக உருட்டி, நன்றாகக் காய்ந்த கல்லில் வைத்து, மேலே ஒரு துண்டு பேக்கிங் காகிதம் போட்டு, தட்டையான கரண்டியால் முழுப் பலத்தோடு அமுக்குங்கள். கறியை அழுத்தலாம் என்று நான் சொல்வது இங்கே மட்டும்தான், அதுவும் முதல் அரை நிமிடத்துக்குள். அப்போது கொழுப்பு இன்னும் உருகவில்லை, ஒழுகிப்போக எதுவும் இல்லை. காகிதத்தை எடுத்து உப்புத் தூவிவிட்டுப் பாருங்கள்: ஓரம் சல்லடைக் கண்ணாக விரியும், முதலில் அங்கேதான் பழுப்பேறும், நடுவில் சின்னச் சின்னக் குமிழாகச் சாறு மேலே வரும். சிவப்பு பெரும்பாலும் மறைந்ததும், ஒன்றரை இரண்டு நிமிடத்தில், கரண்டியைக் கல்லோடு ஒட்டிச் சுரண்டித் திருப்புங்கள். கல்லில் ஒட்டிய அந்தப் பழுப்புப் படலம் பேட்டியோடு முழுதாக வர வேண்டும், ருசி அதில்தான் இருக்கிறது. உடனே சீஸை வைத்து இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். மெல்லியது என்பதால் உள்ளே வரை வெந்துவிடும். ஒரு பன்னுக்கு இரண்டாக அடுக்குங்கள்.

பன்னை வெட்டிய பக்கம் அதே கல்லில் அரை நிமிடம் வாட்டினால் சாறில் ஊறிப் பிய்ந்துபோகாது. விருந்தினர் வந்த பிறகே கல்லை அடுப்பில் ஏற்றுங்கள். உருண்டைகளைக் காலையிலேயே பிடித்துத் தட்டில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், உங்களுக்கும் அவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். பச்சைக் கொத்துக்கறி ஃப்ரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. மிஞ்சியதை அன்றைக்கே மெல்லிய பேட்டியாகத் தட்டி, இடையிடையே காகிதம் வைத்து அடுக்கி ஃப்ரீசரில் போடுங்கள். மூன்று மாதம் வரை நன்றாக இருக்கும், உறைந்தபடியே மிதமான சூட்டில் கல்லில் போடலாம்.