அம்மா வீட்டில் இல்லை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பத்து வயது மகளுக்காக பின்லாந்து எழுத்தாளர் டூவெ யான்சனின் மூமின் கதைகளை, நீர்யானை மாதிரி இருக்கும் அந்தக் கற்பனைக் குடும்பத்தின் கதைகளை, மறுபடி எடுத்தேன். கடைசி நாவலான ‘மூமின் பள்ளத்தாக்கில் நவம்பர்’ வரும்வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. சிறுவயதில் நான் பாதியில் மூடி வைத்த புத்தகம் அது. இப்போது முழுக்கப் படித்தும் அதே எரிச்சல்தான். மூமின்கள் வருவதே இல்லை. யார் யாரோ வந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் கடுப்பேற்றுகிறார்கள், மழை பெய்கிறது, கதை முடிந்துவிடுகிறது. கூடவே வந்த வாசகர்களை ஆசிரியர் ஏமாற்றிவிட்டார். இதை மகளுக்குக் கொடுக்கலாமா, அல்லது முந்தைய புத்தகத்தோடு நிறுத்திவிடலாமா? படங்களும் ஒரே இருட்டு.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பின்லாந்தில் நவம்பர் இருட்டாகத்தான் இருக்கும். அதை விடுங்கள்.

‘ஏமாற்றிவிட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே இந்த நாவல் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் சரியாக அங்கே வந்து இடித்துவிட்டீர்கள்.

அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று பார்த்தீர்களா? ஹெமுலனுக்குத் தானாக இருந்தே அலுத்துவிட்டது. ஃபில்லிஜாங்க் ஜன்னல் துடைக்கப் போய்க் கூரையிலிருந்து விழப் பார்த்தவள், பயம் இன்னும் தெளியவில்லை. குட்டி டோஃப்ட் மூமின்களைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் தினமும் தனக்குத்தானே அவர்கள் கதையைச் சொல்லிக்கொண்டு தூங்குகிறவன். ஸ்னஃப்கின் தொலைத்துவிட்ட ஒரு மெட்டைத் தேடி வருகிறான். அங்கே போனால் அந்தக் குடும்பத்தின் அம்மா மூமின்மம்மா இருப்பாள், எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் பெரும்பாலோருடைய கணக்கு. போனால் அவள் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். ஆறு பேர் வந்த வீட்டில் நீங்கள் ஏழாவது ஆள்.

டோஃப்ட்டுக்கு வருகிறேன். அவன் மனதில் ஒரு மம்மாவை உருவாக்கி வைத்திருக்கிறான். கோபமே வராதவள், களைக்காதவள், எந்நேரமும் ஆறுதல் சொல்கிறவள். மூமின்களுக்கும் கோபம் வரும், அப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த அவலட்சணமான காட்டுக்குள் போய்விடுவார்கள் என்று, வந்தவர்களில் ஒருத்தியான மிம்பிள் சொன்னால் நம்ப மறுக்கிறான். கடைசியில் அவனுடைய மம்மா எவ்வளவு குறையற்றவளாக ஆகிவிடுகிறாள் என்றால், முகமே இல்லாத வழவழப்பான பலூன் மாதிரி மிதக்கிறாள். அதன் பிறகு அந்தக் காட்டுக்குள் அவனே நடக்கிறான். நடக்க நடக்க அவன் கட்டிவைத்த மம்மா கலைந்துபோகிறாள். அவளுக்கு ஏன் வருத்தம், நாம் என்ன செய்யலாம் என்று முதல்முறையாக யோசிக்கிறான். சிறுவர் நாவலில் இதைவிடப் பெரிய சாகசம் எனக்குத் தெரியாது.

இதற்கான விதை முந்தைய நாவலிலேயே இருக்கிறது, 1965-இல் வந்த ‘மூமின்பாப்பா கடலில்’ (பாப்பா என்றால் இங்கே அப்பா). அப்பாவின் ஆசைக்காகக் குடும்பமே ஒரு கலங்கரை விளக்கத் தீவுக்குப் போகிறது. மம்மா சுவரில் தன் வீட்டுத் தோட்டத்தை வரைகிறாள். ஒருநாள் அந்த ஓவியத்துக்குள்ளேயே போய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். குடும்பம் தேடுகிறது, அவள் வெளியே வருவதில்லை. இதையும் மகளுக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள். ஒன்றும் தோன்றவில்லையா?

என் அம்மா சில மாலைகளில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பாள். நாங்கள் கதவைத் தட்டுவோம். பசிக்கிறது என்போம், தம்பி அடித்துவிட்டான் என்போம். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். கதவைத் திறந்து வரும்போது சிரித்துக்கொண்டுதான் வருவாள். அவள் ஏன் உள்ளே போனாள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எழுத்தாளரிடம் வாசகர் கேட்பதும் இதுதான். யான்சனின் முதல் மூமின் புத்தகம் 1945-இல் வந்தது. 1954-இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு மூமின் படக்கதை தொடங்கினார், சில ஆண்டுகளில் தாங்கமுடியாமல் அதைத் தம்பி லார்ஸிடம் ஒப்படைத்தார். 1970-இல் இந்த நாவல் வந்தது. அதே ஆண்டில் அவருடைய தாயும் இறந்தார். ஆகவே இது துக்க நாவல் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. துக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இது விருந்தாளிகளைப் பற்றிய நாவல். கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறவர்களைப் பற்றியது. கால் நூற்றாண்டு விருந்து வைத்தவர் ஒருமுறை வெளியே போனால் அது ஏமாற்றா? என்ன நியாயம் இது?

அப்புறம், ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள். ஃபில்லிஜாங்க் மறுபடி துடைப்பத்தைக் கையில் எடுக்கிறாள். படகோட்டம் தனக்குப் பிடிக்கவே இல்லை என்று ஹெமுலன் ஒப்புக்கொள்கிறான். மம்மா இல்லாததால்தான் இதெல்லாம் நடக்கிறது.

மகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுங்கள். ‘மூமின்பாப்பா கடலில்’ முடிந்த கையோடு கொடுங்கள், இரண்டு கதைகளும் ஒரே சமயத்தில் நடப்பவை. சலித்தால் உங்களைப் போலவே பாதியில் மூடி வைக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் மேலே சொன்னதையெல்லாம் அவளுக்கு விளக்கிவிடாதீர்கள், அது மட்டும் போதும்.

அன்புடன்.