தெருவில், கொழும்பில், பஸ்ஸில்

அன்பின் ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பி ஒருவர் தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கிறார். போன கிழமை சாப்பாட்டு நேரம் கேட்டார்: "தெருவில், கொழும்பில், யாழ்ப்பாணத்தில். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே 'இல்' என்றால், ஒன்றில் 'வ்' ஏன் வருகிறது? ஒன்றில் 'உ' எங்கே போனது? மற்றதில் 'த்து' எங்கிருந்து வந்தது?" பிறந்ததிலிருந்து தமிழ் கதைக்கிற எனக்குப் பதில் வரவில்லை. மொழியின் அடிப்படைத் துண்டு எழுத்தா, சொல்லா? இவை எப்படித்தான் ஒட்டுகின்றன?

– ர.

அன்பின் ர.,

உங்கள் கேள்வியைவிட உங்கள் நண்பியின் கேள்வி நல்லது. அதற்குள் உங்களுடையதற்கும் பதில் இருக்கிறது.

எழுத்துக்குத் தனியே பொருள் இல்லை. ஆனால் பொருளைக் கவிழ்த்துவிடும். பஸ் ஆசனத்துக்கு மேலே 'கர்ப்பிணித் தாய்மார்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'த' போய் 'ந' வந்த படம் கைபேசிகளில் சுற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே ஓர் எழுத்து. சொல்லுக்குப் பொருள் உண்டு, ஆனால் அதுவும் கடைசித் துண்டு அல்ல. 'வந்தேன்' ஒரு சொல்தான். பிரித்தால் 'வா' இருக்கிறது, இறந்தகாலம் காட்டும் 'த்' இருக்கிறது, நான்தான் என்று சொல்லும் 'ஏன்' இருக்கிறது. 'வா' குறுகி 'வ' ஆனது, இடையில் ஒரு 'ந்' வந்து உட்கார்ந்தது. இந்த 'ஏன்', உங்கள் 'இல்' போன்றவைதான் நான் அடிப்படை என்று நினைப்பவை: பொருள் உண்டு, தனியே நிற்கக் கால் இல்லை. இன்றைய மொழியியலாளர் உருபன் என்பார்கள்.

இனி ஒட்டும் வேலை. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் 9 இயல்கள். எழுத்து எத்தனை, எங்கே பிறக்கிறது, சொல்லில் எப்படி நிற்கிறது என்பதெல்லாம் முதல் மூன்றோடு சரி. மிச்சம் ஆறும் ஒன்றோடு ஒன்று சேரும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் பேசுகின்றன. செங்கல்லைவிடச் சாந்தில்தான் பழைய ஆட்களுக்கு அக்கறை. கடைசி இயல் முழுவதும் குற்றியலுகரத்துக்கு, அதாவது சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் 'உ'வுக்கு. நம்முடைய கொழும்பு அந்த இயலுக்குள் வரும் சொல்.

'கொழும்பு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி 'உ' முழுதாக ஒலிக்காது, அரை மாத்திரைதான். உயிரெழுத்து ஒன்று வந்தால் அது இடம் விட்டுவிடும்: கொழும்பில். மட்டக்களப்பில், கிண்ணியாவில் என்று சொல்லும்போது முதலாவதில் நடப்பதும் இதுதான். 'தெரு' அப்படியல்ல. ஒரு குறிலுக்குப் பிறகு வருவதால் அதன் 'உ' முழு அளவு, அசையாது. இரண்டு உயிர் முட்டிக்கொள்ளாமல் நடுவில் 'வ்' வந்து நிற்கிறது. அதற்குப் பெயர் உடம்படுமெய். காலி வீதியில் போனால் அதே வேலையை 'ய்' செய்கிறது. யாழ்ப்பாணத்தில் வருவது 'அத்து' என்ற சாரியை. 'அம்' என்று முடியும் பெயர்கள் 'இல்' போன்ற வேற்றுமை உருபோடு நேரே சேராது, இடையில் ஆள் வேண்டும். 'வ்', 'ய்', 'அத்து' எதற்கும் பொருள் கிடையாது. கல்யாணத் தரகர் மாதிரி, சேர்த்துவைப்பதோடு வேலை முடிந்தது.

பழைய சொற்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூலில் எழுதினார்: கல், கல்லில். ஆனால் கால், காலில். இப்போது மருதானைச் சந்தியில் நின்று கேளுங்கள்: பஸ்ஸில், காரில். பஸ் கடனாக வந்த சொல். ஏறி உட்காருவது நம்முடைய விதிப்படி. (வானில் வந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், பறந்து வந்ததாக நினைப்பார்கள்.) 'மியூசியம்' மரத்தைப் போல மியூசியத்தில் ஆகிறது, 'அம்' இல்லாத 'ரூம்' ரூமில் என்றே நிற்கிறது. யாரும் நமக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

சொல்லும் சொல்லும் சேரும் இடத்தில் ஓர் ஒற்று மட்டும் போதும். 'கீரைக் கடை' என்றால் வாங்கப் போகலாம். 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்கவேண்டும். கடைப் பலகை எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

உங்கள் நண்பிக்கு விதிகளைச் சொல்லிப் பயமுறுத்தவேண்டாம். துண்டுகளை ஒட்டுவது அவருக்குப் புதிதல்ல. நாம் கேள்விக்கு 'ஆ' சேர்ப்பதுபோலச் சிங்களத்தில் 'த' சேர்க்கிறார்கள்; வினை அங்கேயும் வாக்கியத்தின் கடைசியில்தான். கஷ்டம் வேறிடத்தில் வரும். பேச்சுச் சிங்களத்தில் மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. யார் போனாலும் வினை மாறாது. நாம் போகிறேன், போகிறாய், போகிறார் என்று ஆளுக்கொரு வால் வைக்கிறோம். அதற்குப் பொறுமை வேண்டும்.

ஒருநாள் அவர் 'ரூத்தில் இருக்கிறேன்' என்று சொல்லக்கூடும். சிரித்துவிடாதீர்கள். அத்துச் சாரியையை அவர் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். சேரக்கூடாத இடத்தில் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான்.